இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

ஜூன் 3, செவ்வாய்

கார் ஓட்டத் தெரியாத மனுஷன் கார் வாங்கப் போறாராம். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே கதவு, செவப்புக் கலரு, தரையோட தரையா படுத்துக் கெடக்குது. போன்ல படத்தக் காட்டி ஒரே குதி. "ஹைப்ரிட்டு மங்கை! பெட்ரோல்லயும் ஓடும், கரண்ட்லயும் ஓடும். கோடீஸ்வரனுக மட்டும் வெச்சிருந்த வண்டிய நம்ம மாதிரி ஆளுக வாங்கற வெலைக்கு உடறாங்க."

எங்க வீட்டுக்காரரு சதாசிவம் கூட்டுறவு பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரு. கேஸ் அடுப்ப அணைச்சிட்டு வாசல் வரைக்கும் போயி, திரும்ப வந்து இன்னொருக்கா பாக்கற ஆளு. கல்யாணமான புதுசுல நான் கார் கத்துக் குடுக்கறேன்னு உக்கார வெச்சதுக்கு எதுத்த வீட்டுக் காம்பவுண்டு செவுத்துல கொண்டு போயி வெச்சாரு. அதுக்கப்புறம் ஸ்டியரிங்கத் தொட்டதே இல்ல. நான் 'மங்கை லேடீஸ் டிரைவிங் ஸ்கூல்' ஆரம்பிச்சு இந்தக் கோயமுத்தூர்ல பாதிப் பொம்பளைகளுக்கு ஓட்டக் கத்துக் குடுத்துட்டேன், கட்டுன புருஷனுக்கு முடியல.

"ஏனுங்க, அத ஓட்டறது யாருங்க?"

"நீதான்."

"எனக்கு எதுக்குங்க? இருக்கற வண்டி நல்லாத்தான ஓடுது?"

மறுபடி அந்தப் படத்தையே பெருசாக்கிப் பாத்துட்டு இருந்தாரு. என்ன கெரகமோ.

முருங்கக்கீரை ஆஞ்சு வெச்சாச்சு. ஸ்கூல் வண்டியில கிளட்ச் ரொம்பக் கெட்டியா இருக்குது. மெக்கானிக் அந்தோணிகிட்டக் காட்டணும்.

ஜூன் 5, வியாழன்

அந்தோணி ஓட்டிப் பாத்துட்டு, "கிளட்ச் நல்லா லேசாத்தானுங்கக்கா இருக்குது"ங்கறான். காதுல பாட்டு மாட்டிக்கிட்டு வேலை பாக்கறவனுக்கு என்ன தெரியும்? கேபிள மாத்துடான்னு சொல்லிட்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில இட்லி தட்டுக்கு முன்னாடியே பாடம் ஆரம்பிச்சாச்சு. பிரேக் புடிச்சா கரண்டு திரும்பப் பேட்டரிக்கே போயிருமாம். மெதுவாப் போனா மோட்டாரு, வேகமாப் போனா இஞ்சினு, மேடேறினா ரெண்டும் சேந்துக்குமாம். பேங்க் பரீச்சைக்குக் கூட இந்த மனுஷன் இப்படிப் படிச்சிருக்க மாட்டாரு.

நான் உட்டேனா? "ரெண்டு பொண்டாட்டிக்காரன் பொழப்பாட்டம் இருக்குதுங்களே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கோவிச்சுக்கிட்டா என்ன பண்றது? பேட்டரி போச்சுன்னா யாரு மாத்துவா? நம்ம வீதி ஸ்பீட் பிரேக்கர்ல அடிவயிறு தட்டும். மழை பேஞ்சா பாலத்தடியில தண்ணி நிக்குமே, படகாட்டம் மெதந்துட்டே போலாங்களா?"

ஒவ்வொண்ணுக்கும் பதில் வெச்சிருந்தாரு. ஸ்பீட் பிரேக்கருக்கு மட்டும், "கோணலா ஏத்தி எறக்குனா தட்டாதாம்"னாரு. ஓட்டத் தெரியாதவரு எனக்குச் சொல்றாரு பாருங்க, எப்படி ஏத்தி எறக்கணும்னு! சிரிப்புத் தாங்கல. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

ஜூன் 11, புதன்

ஜாக்கெட் துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன். போன வாரம் எடுத்த ஸ்கேனப் பாத்தாரு. இடுப்புகிட்ட தண்டுவடத்துல நரம்பு நசுங்கிக் கெடக்குதாம். அதுனாலதான் இடது கால் அப்பப்ப மரத்துப் போகுதாம், அழுத்தறதுக்கு வலு இல்லையாம். "கிளட்ச் மிதிக்கறத நிறுத்திருங்கம்மா. கால் மரத்துட்டா அது எங்க இருக்குதுன்னு உங்களுக்கே தெரியாது"ன்னாரு.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்தறவ. கத்துக்கற பொம்பளை வலது பக்கம் உக்காந்து ஓட்டுவா, நான் இடது பக்கம். என்ற காலடியிலயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அவ பதறிட்டா நான் மிதிச்சு நிறுத்தோணும். அந்த நம்பிக்கையிலதான் இதுக்கு முன்னாடி சைக்கிள் கூட ஓட்டாத பொம்பளைக அவிநாசி ரோட்டுல கார எடுக்கறாங்க. இந்தக் காலு போச்சுன்னா ஸ்கூலு போச்சு. ஸ்கூலு போச்சுன்னா நான் யாரு? சதாசிவம் சம்சாரம், அவ்வளவுதான். அந்தப் பேரு நல்ல பேருதான். ஆனா அது மட்டும் எனக்குப் பத்தாது.

டாக்டர் அப்புறமும் என்னென்னமோ சொன்னாரு. எழுத மனசில்ல. பையனாட்டம் இருக்கறாரு, மீசை கூட சரியா வரல.

துணிக்கடையில நொழஞ்சு பச்சைக் கலர்ல ஒரு துணி வாங்கிட்டுத்தான் வந்தேன். பொய் சொல்லக்கூடாதில்ல.

ஜூன் 12, வியாழன்

கால் நல்லாத்தான் இருக்குது.

ஜூன் 17, செவ்வாய்

சாப்பிடறப்ப மெதுவா ஆரம்பிச்சாரு. "அந்த வண்டியில கிளட்சே இல்ல மங்கை."

எனக்குப் பொசுக்குனு ஏறிருச்சு. "ஆட்டோமேட்டிக்குங்களா? அதெல்லாம் ஒரு வண்டியா? பொருட்காட்சியில கொழந்தைகள உக்கார வெச்சுச் சுத்தி உடுவாங்களே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? கிளட்ச் போடத் தெரியாதவள டிரைவர்னே நான் ஒத்துக்க மாட்டேன். என்ற ஸ்டூடண்டுக அத்தனை பேருகிட்டயும் இதத்தான் சொல்லியிருக்கறேன்."

"தெரியும். அதுனாலதான் சும்மா ஆட்டோமேட்டிக்கா பாக்கல"ன்னு தட்டப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "இது அந்த மாதிரி இல்ல. பட்டனத் தட்டுனா புலியாட்டம் பாயுதாம்."

"புலிய வெச்சுட்டு நாம என்னங்க பண்றது?"ன்னேன். ரசத்தோட நிறுத்திக்கிட்டு, மோருக்குச் சோறு வாங்காமயே எந்திரிச்சாரு. கொஞ்சம் எச்சாப் பேசிட்டனோன்னு அப்புறம் தோணுச்சு. அவருக்குப் புடிச்ச பருப்பு வடை சுட்டுக் குடுத்தேன், தின்னாரு. தின்னுக்கிட்டே அந்தச் செவப்புச் சனியன் வீடியோவையும் பாத்தாரு.

ஜூன் 21, சனி

கேபிள் மாத்தியாச்சு. இன்னும் கெட்டியாத்தான் இருக்குது. கேபிளே போலி போல.

ஜூன் 26, வியாழன்

எழுத்தெல்லாம் கோணுது.

ஷகிலாவுக்கு இன்னிக்கு ரோட்டு கிளாஸ். போத்தனூர்ல பேக்கரி வெச்சிருக்கறா, நாப்பது வயசுக்கு மேல ஆசப்பட்டுக் கத்துக்க வந்தவ. நல்லாவே ஓட்டிட்டு இருந்தா. மேம்பாலத்து ஏத்தத்துல முன்னால போன லாரி நின்னுருச்சு. இவ பதறிப்போயி கிளட்ச அமுக்குனபடியே பிரேக்க உட்டுட்டா. வண்டி பின்னால உருள ஆரம்பிச்சுது. பின்னால பஸ்ஸு.

நான் மிதிச்சேன். பிரேக் மட்டும் விழுந்துச்சு. கிளட்ச் மேல என்ற காலு இல்ல. எங்க இருந்துச்சுன்னே தெரியல. குனிஞ்சு பாத்தா கால்மிதி மேல சும்மா கெடக்குது, வேற யாரோட காலோ மாதிரி. அவளும் கிளட்ச உட்டுட்டா, வண்டி ஒரு உதறு உதறி இஞ்சின் நின்னு போச்சு. பஸ்காரன் ஒடிச்சு நிறுத்துனான். நூல் அளவுலதான் தப்புனோம். எறங்கி வந்து அவன் பேசுனதெல்லாம் எழுத முடியாது.

ஷகிலா அழுதா. "அக்கா, எல்லாம் என் தப்புக்கா. எனக்கு இதெல்லாம் வராதுக்கா."

"உடு கண்ணு, எல்லாருக்கும் நடக்கறதுதான்"னு சொன்னேன்.

அவ தப்பு இல்லன்னு நான் சொல்லல.

ஜூன் 27, வெள்ளி

காய்ச்சல்னு சொல்லி எல்லா கிளாஸையும் கேன்சல் பண்ணியாச்சு. அவரு நெத்தியத் தொட்டுப் பாத்தாரு. சுடல. ஒண்ணும் கேக்கல, கஞ்சி வெச்சுக் குடுத்தாரு. உப்புப் போட மறந்துட்டாரு.

சாயங்காலம் கட்டில் ஓரத்துல உக்காந்து, "அந்த வண்டி ஷோரூமுக்கு வந்திருச்சாம். ஞாயித்துக்கெழமை ஓட்டிப் பாக்கறியா? சும்மா ஒருக்கா"ன்னாரு. மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்ல. சரின்னுட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

நடந்தத நடந்தபடி எழுதறேன்.

காலையில குளிச்சு, அந்தப் பச்சை ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டுக் கெளம்புனேன். நம்ம வண்டியத்தான் ஓட்டிட்டுப் போனேன். வழியில ஒவ்வொரு சிக்னலும் எனக்கு ஒவ்வொரு கண்டம்.

ஷோரூம்ல ஜெனிஃபர்னு ஒரு பொண்ணு. வண்டி நடுவுல நின்னுச்சு. படத்துல பாத்ததுக்கு நேர்ல இன்னும் அழகுதான், பொய் சொல்லுவானேன். ஆனா உள்ள உக்காரப் போனா, சீட்டு எங்கயோ பாதாளத்துல இருக்குது. தொப்புனு விழுந்தேன். அவரு ஒல்லி, இடது பக்கம் மடங்கி உக்காந்துட்டாரு. ஜெனிஃபர் பாவம், பின்னால இருந்த ஒரு சாண் சீட்டுல முட்டிய மூஞ்சியில வெச்சுக்கிட்டு உக்காந்தா.

பட்டன அமுக்குனேன். சத்தமே இல்ல. "ஆன் ஆயிருச்சா அம்மிணி?"ன்னு கேட்டேன். "ஆயிருச்சு மேடம், போலாம்"ன்னா. காத்தாட்டம் நகந்துச்சு. முதல் சிக்னல்ல என்ற இடது காலு பழக்கதோசத்துல கிளட்சத் தேடி வெறுந்தரைய மிதிச்சுது. அடுத்த சிக்னல்லயும் மிதிச்சுது. அதுக்கப்புறம் அதுக்கே புரிஞ்சுது போல, ஓரமாப் போயி உக்காந்துக்கிச்சு. நானும் மறந்துட்டேன். எத்தனை மாசத்துக்கப்புறம் அந்தக் கால மறந்தேன்!

பைபாஸ்ல ஏறுனதும் ஜெனிஃபர் ஒரு பட்டனக் காட்டுனா. தட்டி, மிதிச்சேன். இஞ்சினு உறுமிக்கிட்டு மோட்டாரோட சேந்துச்சு பாருங்க! முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. வளைவுல போட்டா கோடு போட்டாப்புல போகுது, சின்னக் குலுக்கல் கூட இல்ல. நான் என்னையறியாம சத்தம் போட்டுச் சிரிச்சேன். முப்பது வருசமா ஓட்டறேன், இப்படி ஒருநாளும் ஓட்டுனதில்ல. இத்தன நாளா நான் பேசுன பேச்செல்லாம் வாபஸ். பக்கத்துல திரும்பிப் பாத்தா, அவரும் சிரிச்சுட்டு இருந்தாரு, கண்ணுல தண்ணியோட.

திரும்பி வந்து நிறுத்துனோம். கதவத் திறந்தேன். எறங்க முடியல.

இடது கால ஊனுனா அது மடங்குது. கதவப் புடிச்சு எந்திரிச்சா இடுப்பு வர மாட்டேங்குது. ரெண்டு தடவ பாதி எந்திரிச்சுத் திரும்பத் தொப்புனு உக்காந்தேன். ஷோரூம்ல இருந்தவங்க எல்லாரும் பாக்கறாங்க. கடைசியில ஜெனிஃபர் ஒரு பக்கமும் அவரு ஒரு பக்கமுமா மூட்டையாட்டம் தூக்கி வெளிய எடுத்தாங்க.

அவரு மூஞ்சியப் பாக்கணுமே. எழவு வீட்டுக்காரராட்டம் ஆயிருச்சு. "எல்லாம் படிச்சேன் மங்கை. இஞ்சின் படிச்சேன், பேட்டரி படிச்சேன். எறங்கறதப் பத்தி ஒருத்தனும் எழுதல"ன்னாரு.

ரெண்டு பேரும் வெளிய வந்து நம்ம வண்டியில உக்காந்தோம். சாவியப் போட என்ற கை வரல. "என்ற காலு சரியில்லீங்க"ன்னேன். முதல் முதலா வாய் தொறந்து சொன்னேன். சொன்னதும் அழுக வந்துருச்சு.

"தெரியும்."

"எப்பத்திலிருந்துங்க?"

"பொங்கலுக்கு முன்னாடியிருந்தே. சிக்னல்ல நிக்கறப்ப கையால தொடையப் புடிச்சுத் தூக்கி, கால கிளட்ச்ல வெப்ப."

"அத எப்படிங்க பாத்தீங்க? நான் மறைச்சுத்தான வெப்பேன்?"

மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு. "எனக்கு ரோட்டப் பாத்தா பயம் மங்கை. எப்பவுமே பயந்தான். உன்ற கூட வர்றப்பயெல்லாம் ரோட்டப் பாக்கவே மாட்டேன். உன்ற காலத்தான் பாத்துட்டு வருவேன். அது பாட்டுக்கு அமுக்கிட்டு, உட்டுட்டு, நிதானமா வேல செஞ்சுட்டு இருக்கும். அதப் பாத்தா எனக்கு தைரியம். முப்பது வருசமாப் பாக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாதா?"

முந்தானையில மூஞ்சியத் தொடச்சேன்.

"ஏங்க கேக்கல?"

"கேட்டா நீ ஓட்டறத உட்டுருவ. இல்லீனா வீம்புக்கு இன்னும் ஓட்டுவ. கிளட்ச் இல்லாத வண்டி வாங்கலாம்னா பொம்மை வண்டின்னு தொட மாட்ட. நீ மதிக்கற மாதிரி ஒண்ணு வேணுமில்ல? தேடுனேன். இது ஒண்ணுதான் கெடச்சுது, நம்ம கைக்கு எட்டற மாதிரி."

சாவிய அவரு கையில குடுத்துட்டேன். வண்டிய அந்தோணி வந்து எடுத்துக்கட்டும்னு அங்கயே உட்டுட்டு ஆட்டோவுல வந்தோம். வழியெல்லாம் அவரு கையப் புடிச்சுக்கிட்டே வந்தேன். ஆட்டோக்காரரு கண்ணாடியில பாத்தாரு, பாத்துட்டுப் போகட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

ஷகிலா பேக்கரிக்கே போனேன். "அன்னிக்கு உன்ற தப்பு பாதிதான். மீதி என்னுது. நிறுத்த வேண்டியவ நான், என்ற காலு விழல"ன்னேன். கையில இருந்த தட்டக் கீழ வெச்சா. அப்புறம், "அக்கா, அஞ்சு நாளா நான் தூங்கவேயில்லக்கா"ன்னு சொல்லி அழுதா. நல்லா ரெண்டு திட்டு திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். தேங்கா பன் கட்டிக் குடுத்தா.

இனிமே ரோட்டு கிளாஸ் எல்லாம் கோகிலா எடுப்பா. ஸ்கூட்டர் கிளாஸ் எடுத்துட்டு இருந்தவதான், லைசென்ஸெல்லாம் இருக்குது, நல்லாவே சொல்லிக் குடுப்பா. நான் ஆபீஸ்ல உக்காந்து போர்டுல படம் போட்டுப் பாடம் நடத்தறேன். ஸ்கூல் போர்டுல என்ற பேரு அப்படியே இருக்கட்டும்னு கோகிலாவே சொன்னா. வீட்டுக்கு வந்து சித்த நேரம் கதவச் சாத்திட்டு இருந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

டாக்டர்கிட்ட ரெண்டு பேருமாப் போனோம். "முதல் தடவயே சொன்னனேம்மா, வலது கால் நல்லா இருக்குது, ஆட்டோமேட்டிக்னா தாராளமா ஓட்டலாம்னு"ன்னாரு. சொன்னாருதான். அன்னிக்கு நான்தான் இங்க எழுதல.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் தலைகீழ். அவரு இப்ப ஒசரமான வண்டி பாக்கறாராம். அதே கம்பெனி, அதே ஹைப்ரிட்டு, சோபாவாட்டம் ஏறி எறங்கலாமாம். எனக்கு வேண்டாம்னுட்டேன். "அந்தச் செவப்புதான் வேணும்."

"எறங்க முடியலியே?"

"அது என்ற பாடு."

"ஸ்பீட் பிரேக்கர்ல தட்டும்னு நீதான சொன்ன?"

"கோணலா ஏத்தி எறக்குனா தட்டாதுங்க"ன்னேன். இந்தத் தடவ சிரிச்சது அவரு.

ஜூலை 12, சனி

பிசியோதெரபிக்காரம்மா சொல்லிக் குடுத்தாங்க. முதல்ல ரெண்டு காலையும் சேத்து வெளிய போடணும், அப்புறம் நல்லா முன்னால குனிஞ்சு, ஒரு கை கதவு ஓரத்துல, ஒரு கை தொணைக்கு நிக்கறவங்க கையில. சமையல்கட்டுல குட்டி ஸ்டூலப் போட்டுப் பழகறேன். அவரு எதுத்தாப்புல கைய நீட்டிட்டு நிக்கறாரு. குக்கர் விசிலெல்லாம் எண்ணாம உட்டு பருப்பு அடிப்புடிச்சிருச்சு.

ஜூலை 30, புதன்

ஆடியில வண்டி எடுக்கக்கூடாதாம். பேட்டரி வரைக்கும் படிச்ச மனுஷன் இத மட்டும் உட மாட்டேங்கறாரு. ஸ்டூல்ல இருந்து இன்னிக்கு அவரு ஒத்தக் கையப் புடிச்சே எந்திரிச்சேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வண்டி வந்தாச்சு. சந்தனம், பொட்டு, மாலை. நாலு சக்கரத்துக்கடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சாரு. வண்டி இருக்கற தாழ்வுக்குத் தரையில படுத்துத்தான் வெக்க முடிஞ்சுது, வேட்டியெல்லாம் அழுக்கு. ஷகிலா கேக் கொண்டாந்தா. கோகிலா போட்டோ புடிச்சா. பக்கத்து வீட்டம்மா, "இந்த வயசுலயா?"ன்னு கேட்டுச்சு. "ஆமாங்க, இந்த வயசுலதான்"னேன்.

உக்காந்து கெளப்பினேன். அவரு பக்கத்துல. பழகுன மாதிரி என்ற காலடியில பாத்தாரு. அங்க பாக்க என்ன இருக்குது? இடது காலு ஓரமா சும்மா உக்காந்திருக்குது. கொஞ்ச நேரம் எங்க பாக்கறதுன்னு தெரியாம முழிச்சாரு. அப்புறம் மெதுவாத் தலையத் தூக்கி முன்னால பாத்தாரு. ஞாயித்துக்கெழமை சாயங்காலம், காந்திபுரம் பக்கம். பஸ்ஸு, ஆட்டோ, குறுக்க வர்ற பைக்கு, நடுவுல ரோடு தாண்டற கூட்டம்.

கதவுக் கைப்பிடிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு.

"மங்கை, ரோட்டுல இத்தன வண்டியா ஓடுது?"

"ஆமாங்க."

"இதுக்கு நடுவுலயா நீ இத்தன வருசமா என்னக் கூட்டிட்டுப் போயிட்டு வந்த?"

"ஆமாங்க. பயமா இருந்தா ரோட்டப் பாக்காதீங்க. என்ற மூஞ்சியப் பாத்துட்டு வாங்க"ன்னேன்.

"அதுக்கு இன்னும் தைரியம் வேணுமே"ன்னாரு மனுஷன். சொல்லிட்டு, வீடு வர்ற வரைக்கும் என்ற மூஞ்சியத்தான் பாத்துட்டு வந்தாரு.